கரைசலா, குளவியா, கைவிரலா? வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளும் இயற்கை வழிகளும்

நஞ்சு தெளிக்காத காய் வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான வீட்டுத் தோட்டங்கள் தொடங்குகின்றன. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, மாடியில் சில தென்னை நார்க்கழிவுப் பைகள். முதல் மாதம் செடிகள் தளதளவென்று வருகின்றன. பிறகு வெண்டையில் அசுவினி அப்புகிறது, கத்தரிக் குருத்து வாடித் தொங்குகிறது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி படர்கிறது, பாகற்பிஞ்சு பழ ஈ குத்தி அழுகுகிறது. அப்போது எந்த ஊரிலும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: என்ன தெளிக்கலாம்?

விடைகளுக்குப் பஞ்சமே இல்லை. வேப்பெண்ணெய் என்கிறார் ஒருவர். பஞ்சகவ்யம் என்கிறார் இன்னொருவர். ஓரத்தில் செண்டுமல்லி வைக்கச் சொல்பவரும், பொறிவண்டு வரும்வரை பொறுக்கச் சொல்பவரும் உண்டு. ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் நீண்ட வரலாறும் ஓர் ஆய்வு மரபும் சில பலவீனங்களும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஏக்கர் கணக்கான வயல்களிலும் தோப்புகளிலும் உருவாகி, அங்கேயே சோதிக்கப்பட்டவை. சிறிய மாடிக்கு வரும்போது சில வலுவிழக்கின்றன. சில வயலைவிட நன்றாகவே வேலை செய்கின்றன. எது எந்தப் பக்கம் சேரும் என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் தோட்டக்காரருக்குப் பயன்படும் விடை கிடைக்கும்.

கேள்வியின் வயது

பூச்சியைப் பூச்சியால் அடக்கலாம் என்ற எண்ணத்துக்குக் குறைந்தது பதினேழு நூற்றாண்டு வயது. கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும், ஜி ஹான் பெயரிலான சீனத் தாவர நூல், தென் சீனத்தில் எறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதையும் அந்த எறும்புகள் இல்லாத கிச்சிலி மரங்களின் பழங்கள் பூச்சியால் கெட்டதையும் குறிப்பிடுகிறது. நம் மாந்தோப்புகளில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பின் இனம்தான் அது.

இந்திய மரபில் சுரபாலரின் ‘விருட்சாயுர்வேதம்’ அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. சுமார் பத்து, பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்நூல், மரங்களுக்கு வரும் நோய்களையும் அவற்றுக்கான புகை, பூச்சு, ஊட்டங்களையும் சொல்கிறது. விலங்குக் கழிவுகளைப் புளிக்கவைத்துத் தயாரிக்கும் குணபஜலம் அதில் வருகிறது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல் வெளியானபின் இயற்கை வேளாண்மை வட்டாரங்களில் அதற்குப் புதிய கவனம் கிடைத்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் ஏட்டுக்கு வெளியே இன்னொரு மரபு இருந்தது. அவரைப் பந்தலில் அசுவினி கண்டால் காலையில் பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். நுண்ணிய சாம்பல் மென்னுடல் பூச்சிகளின் மேற்தோலைச் சிராய்த்து உலர்த்தக்கூடும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒரு மழையில் கழுவிப் போய்விடும் என்பதும், அளவு மீறினால் மண்ணின் காரத்தன்மை கூடும் என்பதும் இதன் எல்லைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி.யும் அதன் உறவுகளும் இந்த மரபுகளை ஓரங்கட்டின. 1962இல் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ அந்த நஞ்சுகளின் விலையை உலகுக்குச் சொன்னது. அதே ஆண்டில் டெல்லியில் நடந்த ஒரு சோதனை, பழைய மரம் ஒன்றை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது.

வேம்பு: தெளிவான வேதியியல், குறுகிய ஆயுள்

1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை ஒன்று சுற்றிலும் இருந்தவற்றை மொட்டையடித்துவிட்டு வேப்பமரங்களை மட்டும் விட்டுப் போனதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனித்தார். 1962இல் டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதானும் உடன் பணியாற்றியவர்களும், வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் தெளித்த பயிர்களை வெட்டுக்கிளிகள் தின்னாமல் விட்டதைப் பதிவு செய்தனர். 1968இல் பிரிட்டனில் பட்டர்வொர்த், மார்கன் ஆகியோர் அசாடிராக்டின் என்ற மூலப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்க கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழுவுக்கு 2007 வரை ஆனது. வேம்பைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு 1994இல் வழங்கப்பட்ட ஐரோப்பியக் காப்புரிமை, அது இந்தியாவில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது என்ற வாதத்தால் 2000இல் ரத்தானதும், 2005இல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவே நிலைத்ததும் இதன் தொடர்ச்சி.

ஆக, வேம்பு வேலை செய்கிறதா என்பதில் பெரிய விவாதம் இல்லை. எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் தோட்டக்காரர்களின் எதிர்பார்ப்பு தடுமாறுகிறது. அசாடிராக்டின் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. புழுவின் பசியைக் கெடுக்கிறது, தோலுரிக்கும் பருவத்தைக் குலைக்கிறது. தெளித்த மறுநாள் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவது பொதுவான தவறு. இளம்புழுவிடம் இது நன்றாக வேலை செய்யும். கட்டைவிரல் பருமனுக்கு வளர்ந்த புழுவிடம் பலன் குறைவு.

பலவீனங்களும் தெளிவானவை. வெயிலின் புற ஊதாக் கதிரில் அசாடிராக்டின் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். மாலையில் தெளிக்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். காரத்தன்மை மிகுந்த நீரிலும் அது நிலைக்காது. கடையில் வாங்கும் வேப்பெண்ணெயில் அதன் அளவு புட்டிக்குப் புட்டி மாறும். எண்ணெய் பூச்சியின் உடலை மூடி மூச்சுத் திணறச் செய்வது தனி வேலை; அதற்கு இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். சோப்பு சேர்க்காமல் எண்ணெய் நீரில் கலக்காது. சென்னையின் பல பகுதிகளில் வரும் கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பே திரிந்துபோகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்குப் பரிந்துரைக்கும் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசல் என்பது, லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பது. பெரிய பண்ணையில் இதைச் செய்வது பெரும்பாடு. நான்கு செடி உள்ள வீட்டில் அன்றன்றே தயாரித்து, ஒவ்வோர் இலையையும் திருப்பித் தெளிக்க முடியும். அளவு சிறிதாவது இங்கே வேம்புக்குச் சாதகம். ஆனால் கத்தரிக் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிட்ட புழுவை எந்த வேம்புத் தெளிப்பும் எட்டுவது அரிது.

புளிக்கவைத்த கரைசல்கள்: பரவலான நம்பிக்கை, ஒழுங்கற்ற சான்று

தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையை மக்கள் இயக்கமாக்கியவர்களில் கோ. நம்மாழ்வாரின் இடம் தனி. கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன் பஞ்சகவ்யத்தை வேளாண் உள்ளீடாக வடிவமைத்துப் பரப்பினார். மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் முன்வைத்த நீமாஸ்திரம், அக்னி அஸ்திரம், பிரம்மாஸ்திரம் ஆகியவையும் தமிழ்நாட்டில் வேர்விட்டன. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல், ஆடு தின்னாத இலைகளை மாட்டுக் கோமியத்தில் ஊறவைக்கும் ஐந்திலைக் கரைசல், மீன் அமிலம், அரப்பு மோர்க் கரைசல் என்று மாடித்தோட்டக்காரர்களின் அலமாரி இன்று நிரம்பி வழிகிறது.

இந்த அணியின் பலம் எளிமையும் தன்னிறைவும். கையருகே உள்ள பொருளில் தயாராகிறது, கடைக்காரரின் கடன் கிடையாது. சிறு விவசாயிக்கு அது பெரிய விடுதலை. அதை ஆய்வக அளவுகோலால் மட்டும் எடைபோட முடியாது.

ஆயினும் இரண்டு தனிக் கேள்விகள் இங்கே அடிக்கடி ஒன்றாகக் குழம்புகின்றன. செடியை ஊக்குவிப்பது ஒன்று. பூச்சியைக் கட்டுப்படுத்துவது வேறொன்று. பஞ்சகவ்யம், மீன் அமிலம், மோர்க் கரைசல்கள் பற்றிக் கிடைக்கும் சாதகமான முடிவுகள் பெரும்பாலும் வளர்ச்சி, பூ, காய்ப்பு சார்ந்தவை. பூச்சி குறைந்தது என்ற முடிவுகள் எண்ணிக்கையிலும் உறுதியிலும் குறைவு. தழைச்சத்து மிகுந்த ஊட்டத்தால் துளிர்க்கும் மென்மையான குருத்து அசுவினிக்கும் பிடிக்கும் என்பதால், ஊட்டம் கூடினால் பூச்சி குறையும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது சிக்கல் தரம். ஒரே செய்முறை, ஆனால் சாணமும் வெப்பமும் புளித்த நாட்களும் வீட்டுக்கு வீடு வேறு. ஒருவர் வீட்டில் பலித்தது அடுத்த வீட்டில் பலிக்காமல் போனால், பொருள் காரணமா, தயாரிப்பு காரணமா என்று பிரிக்க வழியில்லை. பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா போன்ற கீரைகள்மீது சாணம் கலந்த கரைசலை அறுவடையை ஒட்டித் தெளிப்பதில் கிருமித் தொற்று அபாயமும் உண்டு.

எதிரியின் எதிரி: மாவட்டம் முழுக்க வென்ற குளவி

இந்த அணியின் வெற்றிகளில் மறுக்க முடியாத ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கிடைத்ததையெல்லாம் அது வெள்ளையாக மூடியது. உடலில் மெழுகுப் பூச்சு இருந்ததால் நஞ்சுகளும் எளிதில் எட்டவில்லை. பெங்களூரின் தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் அமைப்பு 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற கடுகினும் சிறிய குளவி, பெருக்கி விடப்பட்ட சில மாதங்களிலேயே தாக்குதலை வெகுவாக அடக்கியது. பயன் பெற்றவர்களில் கொல்லையில் ஒற்றைப் பப்பாளி வைத்திருந்தவர்களும் அடக்கம். அவர்களில் பலருக்கு அந்தக் குளவியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டான கிரிப்டோலீமஸ் 1898லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் பதிவான சுருள் வெள்ளை ஈயைப் பொறுத்தவரை, என்கார்சியா என்ற குளவி தானாகவே பின்தொடர்ந்து வந்துவிட்டது. நஞ்சு தெளித்தால் அந்தக் குளவியும் சாகும் என்பதால், தென்னையில் தெளிப்பைத் தவிர்ப்பதே அங்கே அறிவுரையின் மையமானது.

இதன் பலவீனமும் அளவுதான். குளவி, பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி எதற்கும் மாடிச்சுவர் எல்லையில்லை. விலைகொடுத்து வாங்கி விட்டவை அடுத்த தெருவுக்குப் பறந்துவிடலாம். வீட்டுத் தோட்டக்காரர் செய்யக்கூடியது வரவழைப்பதைவிட விரட்டாமல் இருப்பது: கண்ட பூச்சிக்கெல்லாம் தெளிக்காதிருத்தல், கொத்தமல்லியிலும் சோம்பிலும் சில செடிகளைப் பூக்க விட்டு வளர்ந்த குளவிகளுக்குத் தேன் கிடைக்கச் செய்தல். முதலையைப் போன்ற உருவில் ஊரும் பொறிவண்டின் இளம்புழுவைத் தீங்கு செய்யும் புழு என்று நசுக்கிவிடுவது மிகப் பரவலாக நடக்கிறது.

எறும்பு இங்கே இரட்டை வேடம் போடுகிறது. புழுக்களை வேட்டையாடும் அதே முசுறு, தேன்துளிக்காக மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் காவல் காத்து, குளவிகளை விரட்டும். மாவுப்பூச்சி பெருகிய செடியில் எறும்புப் பாதையை முதலில் அடைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

துணைச் செடிகள்: விகிதம் தொலைந்த அறிவுரை

தக்காளி ஓரம் செண்டுமல்லி என்பது அநேகமாக எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதற்கு உண்மையான வேர்கள் உண்டு. செண்டுமல்லி வேரில் நூற்புழுவைக் கொல்லும் டெர்தியெனைல் இருப்பதை 1958இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1990களில், பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழுத் தாய் அந்துப்பூச்சி பூவை நாடி முட்டையிடுகிறது என்று கண்டது. முட்டைக்கோசுக்குக் கடுகைப் பொறிப்பயிராக வைக்கும் முறையும் அங்கிருந்து வந்தது.

இந்த விளக்கங்கள் எல்லாம் நறுமணத்தை நம்பியவை அல்ல. பிரிட்டனில் ஃபின்ச், கோலியர் ஆகியோர், பயிரைச் சுற்றி எந்தப் பச்சைச் செடி இருந்தாலும் பூச்சி தவறான இலையில் இறங்கிக் குழம்புகிறது என்ற கருத்தை 2000இல் முன்வைத்தனர். கோஸ் வேர் ஈ, வெங்காய ஈ ஆகியவற்றைக் கொண்டு நடந்த அடுத்தடுத்த சோதனைகளில் வாசனைச் செடிகள் வாசனையற்றவற்றைவிடச் சிறந்தவையாகத் தெரியவில்லை. துளசியும் புதினாவும் வாசனையால் பூச்சியை விரட்டும் என்ற பரவலான நம்பிக்கையை இது கேள்விக்குள்ளாக்குகிறது.

வயலின் விகிதங்களை மாடிக்கு எப்படி மாற்றுவது என்பது அடுத்த சிக்கல். இரண்டு தக்காளிப் பைக்கு நடுவே ஒரு செண்டுமல்லி வைத்தால், பொறிப்பயிருக்கும் பயிருக்கும் இடைவெளி ஓர் அடிதான். பூவுக்கு வந்த அந்துப்பூச்சி பக்கத்துச் செடியையும் கண்டுகொள்ளலாம். நூற்புழுவுக்கெதிரான பலன் செண்டுமல்லி வேரூன்றிய மண்ணில்தான். பக்கத்துப் பைக்கு அது தாண்டாது.

கை, வலை, பொறி: சிறுதோட்டத்தின் சொந்த பலம்

பண்ணையில் ஆள்கூலியால் கட்டுப்படியாகாத வேலைகள் வீட்டில் மிக மலிவு. கத்தரிக் குருத்து, காய்த் துளைப்பான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உலகக் காய்கறி மையம் தெற்காசிய நாடுகளில் 2000களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த ஒருங்கிணைந்த முறையின் உயிர்நாடியே, வாடிய குருத்தை உடனே கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் தேவையற்ற நஞ்சை நிறுத்துவதும்தான். பத்துச் செடிக்குக் குருத்துக் கிள்ள ஐந்து நிமிடம் போதும்.

கறிவேப்பிலையில் பட்டாம்பூச்சிப் புழு, அசுவினி படர்ந்த நுனி, முட்டைக் குவியலோடு இருக்கும் இலை ஆகியவற்றைக் கையால் எடுப்பது, விசைநீரால் அடிப்பது, மாதுளையையும் கொய்யாவையும் பிஞ்சிலேயே உறையிட்டுக் கட்டுவது என்று இந்த வரிசை நீளும். இவற்றில் புழு எதிர்ப்புத்திறன் பெறும் என்ற பயமில்லை. உணவில் எச்சமும் இல்லை.

பொறிகளை மட்டும் சற்றுக் கவனத்தோடு பார்க்க வேண்டும். மெத்தில் யூஜினால் ஆண் பழ ஈக்களை இழுப்பதை பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் எஃப். எம். ஹௌலெட் 1915இல் பதிவு செய்தார். பசிபிக்கின் ரோட்டா தீவில் 1960களில் இந்த வழியில் பழ ஈயையே ஒழித்தார்கள். அது கடல் சூழ்ந்த தீவு. நகரத்து மாடிக்கு, வேறெங்கோ இணைசேர்ந்த பெண் ஈ எப்போதும் பறந்து வரலாம். ஒற்றை வீட்டில் வைத்த பொறி ஈ வந்துவிட்டது என்று அறிவிக்கும். காயை அதனாலேயே காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் ஒட்டுப்பொறிக்கும் இது ஓரளவு பொருந்தும். அதில் நன்மை செய்யும் பூச்சிகளும் சிக்குகின்றன.

எவ்வளவு சேதம் வரை பொறுக்கலாம்?

1959இல் கலிபோர்னியாவின் ஸ்டெர்ன் உள்ளிட்ட நால்வர் பொருளாதாரச் சேத நிலை என்ற கருத்தை வகுத்தனர். சேதத்தின் மதிப்பு கட்டுப்பாட்டுச் செலவைத் தாண்டும் வரை தலையிட வேண்டாம் என்பதே அதன் சாரம். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையின் அடித்தளம் இது.

வீட்டில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஓட்டை விழுந்த கீரையை வியாபாரி ஒதுக்குவார், வீட்டுச் சமையலறை ஒதுக்காது; அதனால் பொறுமையின் எல்லை உயரலாம். மறுபுறம், இரண்டே சுரைக்கொடி உள்ள இடத்தில் ஒரு கொடி போனால் பாதி விளைச்சல் போயிற்று. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் போல வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய்க்கு ஒரு பூச்சியே போதும்; வந்தபின் மருந்தும் இல்லை. அங்கே எதிர்ப்புத்திறன் உள்ள ரகமும் நோயுற்ற செடியை உடனே பிடுங்குவதும்தான் வழி.

‘இயற்கை’ என்ற அடைமொழி தரும் துணிச்சல்

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. புகையிலைக் கஷாயத்தில் உள்ள நிகோடின் கடும் நஞ்சு; நிகோடின் சல்பேட்டை இந்தியாவில் பயன்படுத்தத் தடையே உண்டு. புகையிலையோடு வரும் தேமல் நச்சுயிரி தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றலாம். அக்னி அஸ்திரத்தின் வழக்கமான செய்முறையில் புகையிலை சேர்கிறது என்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டெர்ரிஸ் வேரின் ரொடெனோன் எலிகளில் பார்க்கின்சன் நோய் போன்ற குறிகளை உண்டாக்கியதை 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. வேப்பெண்ணெய்க்கும் எச்சரிக்கை உண்டு: மருந்தாக அதைக் குடிக்கக் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை 1981இல் மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்தனர். தோட்டத்துப் புட்டியைக் குழந்தைக்கு எட்டாமல் வைப்பதும், எருக்கம் பாலோ மிளகாய்க் கரைசலோ கண்ணில் படாமல் காப்பதும், தெளித்த காயைக் கழுவி உண்பதும் எந்த அணியும் விட்டுவிடக் கூடாத ஒழுங்குகள்.

மதிப்பீடு

இன்றைய சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், வீட்டளவில் உறுதியான இடம் கைவேலைக்கும் தடுப்புறைக்கும் நாள்தோறும் இலையைத் திருப்பிப் பார்ப்பதற்கும்தான். அடுத்து, இருக்கும் எதிரிப் பூச்சிகளை நஞ்சிட்டு அழிக்காத பொறுமை. சரியான பூச்சிக்குச் சரியான பருவத்தில் தெளிக்கும் வேம்பு மூன்றாவது. துணைச் செடிகளுக்கும் புளிக்கவைத்த கரைசல்களுக்கும் இடம் உண்டு. ஆனால் பூச்சிக் கட்டுப்பாட்டை அவற்றை மட்டும் நம்பி நடத்துவதற்கான ஆதாரம் இன்னும் போதவில்லை. இந்த வரிசை பயிருக்கும் ஊருக்கும் ஏற்ப மாறக்கூடும்.

திறந்திருக்கும் கேள்விகள் சில உண்டு. சிமெண்ட் தளத்தின் வெப்பத்தில் வேம்பும் பூஞ்சை வகை உயிரிப் பூச்சிக்கொல்லிகளும் எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கின்றன? ஒரு தெருவில் பல வீடுகள் சேர்ந்து தெளிப்பை நிறுத்தினால் குளவிகளும் பொறிவண்டுகளும் நிலைகொள்ளுமா, இல்லை மாடிகள் அவற்றுக்குத் தற்காலிகத் தங்குமிடம் மட்டும்தானா? எத்தனை நாள் புளித்த, எந்த அமிலநிலை கொண்ட கரைசல் எந்தப் பூச்சியைக் குறைக்கிறது?

கரைசல்கள் குறித்த விவாதத்தை முன்னகர்த்த மிக எளிய சோதனை ஒன்று போதும். ஒரே ரகச் செடிகளில் பாதிக்குக் கரைசல், மீதிக்கு அதே அளவு வெறும் நீர், இரண்டிலும் வாரந்தோறும் பூச்சி எண்ணிக்கை. வெறும் நீரின் விசையே அசுவினியை உதிர்க்கும். அசுவினிக் கூட்டம் பருவம் மாறினால் தானாகவும் சரியும். இந்த இரண்டையும் கழித்தபின் எஞ்சுவதே கரைசலின் உண்மையான பங்கு. வேளாண் பல்கலைக்கழகங்களும் மாடித்தோட்டக் குழுக்களும் இணைந்தால், ஒரு பருவத்தில் பல நூறு வீடுகளிலிருந்து இத்தகைய கணக்கைத் திரட்ட முடியும்.